நாற்பத்தாறும் நாற்பத்தெட்டும்: குரோமோசோம் ஆய்வின் வரலாறும் மனிதனைப் பற்றிய நம் போதனையும்

மனிதனுக்குக் குரோமோசோம்கள் 46. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே எவரும் தாண்ட இயலாத மதில் ஒன்று நிற்கிறது. ஆதலால் மனிதனுக்கும் குரங்கினத்துக்கும் யாதோர் உறவும் இருத்தல் கூடாது. இவ்வாறான வாதத்தை நம் பிரசங்க பீடங்களிலும் வாலிபர் கூடுகைகளிலும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டது மாத்திரமன்று, மாணவர்க்கு ஆதியாகமம் கற்பித்த தொடக்க ஆண்டுகளில் நாமே அதனை வகுப்பறையில் எடுத்துரைத்ததும் உண்டு. எண் எளிதில் நினைவில் நிற்கும். அறிவியல் நம் பக்கம் நிற்கிறது என்னும் நிறைவையும் கேட்போர்க்குத் தரும். ஆயினும் அவ்வெண்கள் எவ்வாறு கண்டறியப்பட்டன, அவற்றிற்குப் பின் என்னென்ன வெளிப்பட்டன என்பவற்றை நாம் விசாரித்தோமில்லை. அவ்விசாரணையைக் காலம் தாழ்ந்தேனும் செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எண்ணத் தொடங்கிய காலம்

உயிரணுவின் உட்கருவில், அணு பிளவுறும் வேளையில், சாயம் ஏற்று விளங்கும் நுண்ணிய இழைகளை ஜெர்மானியரான வால்தர் பிளெமிங் 1882இல் விரிவாக விளக்கினார். 1888இல் வால்டையர் அவற்றிற்குக் குரோமோசோம் என்று பெயரிட்டார். கிரேக்கம் பயில்வோர்க்கு இச்சொல் புதிதன்று: குரோமா என்பது நிறம், சோமா என்பது, பவுலின் நிருபங்களில் நாம் அடிக்கடி காணும் சொல்லே, உடல். பிரனோ நகரின் அகஸ்தினியத் துறவி கிரெகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட மரபு விதிகள் 1900இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட பின்னர், இவ்விழைகளே மரபுப் பண்புகளைத் தாங்கிச் செல்பவை என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று.

மனிதனுக்கு இவை எத்தனை? இவ்வினாவுக்கு முதல் நாற்பது ஆண்டுகளில் ஒருமித்த விடை கிடைக்கவில்லை. 1910இல் மைக்கேல் கையர் என்னும் அமெரிக்கர் கறுப்பின ஆண்களின் திசுவை ஆராய்ந்து 22 என்றார். 1912இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் வினிவார்ட்டர் ஆணுக்கு 47, பெண்ணுக்கு 48 என்றார். பிழைபட்ட இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, வெள்ளையனுக்குக் கறுப்பனைவிடக் குரோமோசோம்கள் மிகுதியோ என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு, 1914இல் தாமஸ் ஹன்ட் மார்கன் ஒரு கட்டுரை எழுதினார். மரபியலின் முன்னோடிகளுள் ஒருவரே அவ்வினாவை எழுப்ப நேர்ந்தது என்பதை நாம் கருத வேண்டும். எண்ணிக்கைப் பிழை ஒன்று, மானிட இனம் ஒன்றா பலவா என்னும் ஐயத்திற்கு வாயிலாயிற்று. மனுக்குலம் முழுவதும் ஒரே மூலத்திலிருந்து வந்தது என்று அத்தேனே பட்டணத்து அரியோபாகுவில் பவுல் உரைத்ததை (அப். 17) நம்புவோர்க்கு இது சிறிய செய்தியன்று.

1923இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தியோபிலஸ் பெயின்டர் இதற்கு ஒரு முடிவு கூறினார். அம்மாநிலத்தின் மனநோய் இல்லம் ஒன்றில் விதைநீக்கம் செய்யப்பட்ட மூன்று ஆண்களின் திசுவே அவருடைய ஆய்வுப் பொருள். அவர்களுள் இருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். இரு இனத்தார்க்கும் எண் ஒன்றே என்று அவர் கண்டது சரியான முடிவு. அவ்வெண் 48 என்று அவர் முடித்தது பிழையான முடிவு. 1921இல் எழுதிய முற்குறிப்பில், மிகத் தெளிவான காட்சிகளில் 46 மட்டுமே தென்பட்டதாக அவரே குறித்திருந்தார். பின்னர் 48 என்ற எண்ணிலேயே நிலைகொண்டார்.

இதே பெயின்டர் பிற்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1946இல் ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பின இளைஞர் சட்டக்கல்லூரியில் இடம் கேட்டபோது, மாநிலச் சட்டத்தைக் காட்டி இடம் மறுக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1950இல் ஸ்வெட்டின் பக்கம் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கு இன்றும் ஸ்வெட் எதிர் பெயின்டர் என்றே சட்ட நூல்களில் வழங்குகிறது. நுண்ணோக்கியின் கீழ் இருவரும் ஒன்றே என்று கண்டவரின் பெயர், கல்லூரி வாயிலில் இருவரையும் பிரித்த வழக்கின் பெயராக நிலைபெற்றது. உண்மையை அறிதல் வேறு, அதற்குக் கீழ்ப்படிதல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

2. முப்பத்து மூன்று ஆண்டுப் பிழை

48 என்ற எண் 1923 முதல் 1956 வரை பாடநூல்களில் நிலைபெற்றிருந்தது. இதற்கிடையே 1940இல் யேகர், பெயின்டர், யெர்க்ஸ் ஆகிய மூவரும் சிம்பன்சியின் குரோமோசோம்களை எண்ணி 48 என்று அறிவித்தனர். சிம்பன்சியைக் குறித்த இவ்வெண் சரியானது. மனிதனைக் குறித்ததே பிழை. ஆகவே அக்காலத்தில் இரு இனங்களுக்கும் எண் ஒன்றே என்று உலகம் நம்பியிருந்தது. 46க்கும் 48க்கும் இடையே நாம் எழுப்பிய மதில் 1956க்கு முன் எவர் கண்ணிலும் படவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1952இல் டி. சி. சூ என்னும் சீன அமெரிக்க ஆய்வாளர், கரைசலொன்று தவறுதலாக நீர்த்துப்போனதன் பயனாக ஒரு புதிய வழியைக் கண்டார். நீர்த்த கரைசலில் உயிரணு பருத்து, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடவாமல் விலகி நின்றன. அவ்வளவு தெளிவாகக் கண்டும் அவர் 48 என்றே கொண்டார். 1955 டிசம்பர் 22 அன்று சுவீடனின் லுண்ட் நகரில், ஜாவாத் தீவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ இம்முறையைச் செம்மைப்படுத்தி, மனிதக் கருவின் நுரையீரல் உயிரணுக்களில் எண்ணிப் பார்த்தார். 46 மட்டுமே இருந்தன. ஆல்பர்ட் லெவானுடன் அவர் இதனை 1956இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் போர்டும் ஹாமர்டனும் வேறு திசுவில் ஆராய்ந்து அதனை உறுதி செய்தனர்.

ஜியோவும் லெவானும் தம் கட்டுரையில் ஒரு செய்தியை மறைக்காமல் குறித்துள்ளனர். லுண்டிலேயே வேறொரு குழுவினர் மனிதக் கல்லீரல் உயிரணுக்களை முன்னரே ஆராய்ந்தனர். மீண்டும் மீண்டும் 46 என்றே எண்ணினர். 48ஐக் காண இயலாததால் தம் செயல்முறையில்தான் குறை என்று கருதி ஆய்வை நிறுத்தி வைத்தனர். கண்டது சரி, கற்றது பிழை, கற்றதன் பொருட்டுக் கண்டதைக் கைவிட்டனர். மறைநூல் விளக்கத்தில் ஈடுபட்டுள்ள நாம் இவர்களைக் குறைகூறும் தகுதியுடையோம் அல்லோம்.

3. கோடுகளை ஒப்பிட்ட காலம்

எண்ணிக்கை தெளிவானபின் வாலில்லாக் குரங்குகளும் பிற குரங்குகளும் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் ஆகிய மூன்றுக்கும் 48 என்று உறுதியாயிற்று. ரீசஸ் குரங்குக்கும், நம் கோவில்களிலும் சாலை ஓரங்களிலும் காணும் நாட்டுக் குரங்குக்கும் 42. கிப்பன் எனப்படும் சிறு வாலில்லாக் குரங்குகளில் இனத்துக்கு இனம் 38, 44, 50, 52 என்று வேறுபடுகிறது. தென்னமெரிக்க டிட்டி குரங்குகளுள் ஒன்றுக்கு 16 மட்டுமே. ஆப்பிரிக்கக் குவெனான் குரங்குகளில் 72 வரை உண்டு.

எண் மட்டும் உறவை அளக்கும் கோலன்று என்பது இதனால் விளங்கும். இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. அதன் நெருங்கிய உறவினமான சீனக் கேளையாட்டுக்கோ 46. நமக்கும் 46. எண்ணே உறவானால் சீனக் கேளையாடு நமக்கு உடன்பிறப்பாகி, இந்தியக் கேளையாட்டுக்கு அந்நியமாகிவிடும்.

ஆகவே எண்ணைவிட உள்ளமைப்பே ஆராயத்தக்கது. 1970இல் சுவீடனின் காஸ்பர்சன், ஒளிரும் சாயமொன்றால் ஒவ்வொரு குரோமோசோமிலும் குறுக்குக் கோடுகள் தோன்றச் செய்து, மனிதக் குரோமோசோம்கள் யாவற்றையும் தனித்தனியே அடையாளம் காட்டினார். அடுத்த ஆண்டில் கீம்சா சாயத்தைக் கொண்டு இதனை இன்னும் எளிதாக்கினர். அதன்பின் மனிதனையும் குரங்கையும் கோட்டுக்குக் கோடு ஒப்பிடுதல் கைகூடிற்று. பாரிஸில் டி குரூஷி, லெஜூன், டுட்ரியோ ஆகியோர் 1972 முதல் இவ்வொப்பீடுகளை வெளியிட்டனர். 1979இல் டுட்ரியோ அறுபதுக்கு மேற்பட்ட இனங்களை வரிசைப்படுத்தினார். 1982இல் மின்னசோட்டாவின் ஹோர்ஹே யூனிஸும் ஓம் பிரகாஷும் ஏறத்தாழ 1000 கோடுகள் தெரியுமளவுக்கு நுண்மையாக மனிதன், சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் ஆகிய நால்வரையும் ஒப்பிட்டனர். மனிதனின் 23 இணைகளுள் 18, பொது மூதாதைக்கு உரியவை என்று கருதத்தக்க வடிவினின்றும் ஏறக்குறைய மாறவில்லை என்பது அவர்களுடைய முடிவு.

இவர்கள் மரபு வரிசையைக் காணும் முறை நம் மாணவர்க்கு அயலானதன்று. புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்வோர், இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை காணப்பட்டால், அவை ஒரு மூலப் பிரதியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என்று கொள்வர். ஒரு பிரதியில் மட்டும் காணும் பிழை, கிளை பிரிந்த பின் நேர்ந்தது. குரோமோசோம் ஆய்வும் இவ்வாறே செல்கிறது. இழையின் ஒரு பகுதி அறுந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்வது ஒருவகைப் பெயர்த்தெழுதல் பிழை. 7ஆம் குரோமோசோமில் மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவாக உள்ள ஒரு திருப்பம் கொரில்லாவில் இல்லை. ஆகவே கொரில்லாவின் கிளை முன்னர்ப் பிரிந்தது. மனிதனும் சிம்பன்சியும் பின்னர்ப் பிரிந்தனர். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையே இத்தகைய பெருந்திருப்பங்கள் ஒன்பது உள்ளன. அவற்றுள் 1, 18 ஆகிய இரு குரோமோசோம்களில் உள்ளவை மட்டுமே மனித வழியில் நேர்ந்தவை. கிப்பன்களிலோ இழைகள் பலவாறு அறுந்து இடம் மாறியுள்ளன. உறவில் நாட்டுக் குரங்கைவிட நமக்கு நெருங்கியவையாயினும் தோற்ற ஒழுங்கில் அவை வெகுதூரம் சென்றுவிட்டன.

4. இரண்டாம் குரோமோசோமின் சாட்சியம்

இனி 48 எவ்வாறு 46 ஆயிற்று என்பதைக் காண்போம். மனிதனின் 2ஆம் குரோமோசோம் நீளமானது. சிம்பன்சியின் இரண்டு சிறிய குரோமோசோம்களை முனையோடு முனை வைத்தால், அவற்றின் கோடுகள் மனிதனின் 2ஆம் குரோமோசோமோடு பொருந்துகின்றன. கொரில்லாவிலும் உராங்குட்டானிலும் அவை தனித்தனியே உள்ளன. ஆகவே மனித வழியில் இரண்டும் ஒன்றாக இணைந்தன என்று 1970களில் ஆய்வாளர் கூறினர். இது வெறும் ஒப்புமையன்றோ என்று அன்று ஐயுற இடமிருந்தது.

ஆயினும் இக்கூற்றைச் சோதித்தறிய ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனைகளிலும் டெலோமியர் எனப்படும் காப்பு உறை உண்டு. டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்துத் தொடர் அங்கே திரும்பத் திரும்ப வரும். இரண்டு தோற்சுருள்களை முனையோடு முனை தைத்திருந்தால், ஓரத்தில் இருக்க வேண்டிய விளிம்புக் குறி நடுவில் காணப்பட வேண்டும். அதுவும் தையலுக்கு இருபுறமும் எதிரெதிர்த் திசையில் அமைந்திருக்க வேண்டும். 1991இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழுவினர் 2ஆம் குரோமோசோமில் எதிர்பார்த்த அவ்விடத்திலேயே, சிதைந்த நிலையில், அவ்வாறே எதிரெதிராக அமைந்த தொடரைக் கண்டனர். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் சென்ட்ரோமியர் என்னும் இடுப்பு ஒன்று உண்டாதலால், இணைந்த ஒன்றில் பழைய இரண்டாம் இடுப்பின் சுவடும் இருத்தல் வேண்டும். அச்சுவடும் 1992இல் கண்டறியப்பட்டது. 2005இல் மனிதனின் 2ஆம் குரோமோசோமின் எழுத்து வரிசையும், சிம்பன்சியின் மரபுத்தொகுதியும் வெளிவந்தபோது இவை உறுதியாயின. ஒத்த பகுதிகளில் ஓரெழுத்து மாற்றங்கள் ஏறத்தாழ 3.5 கோடி, அதாவது 1.23 விழுக்காடு. 2012இல் சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த பண்டைய மனிதக் கிளையின் மரபணுக்களிலும் இவ்விணைப்பு இருப்பது தெரியவந்தது. 2025இல் சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் முதலியவற்றின் மரபுத்தொகுதிகள் முனையிலிருந்து முனைவரை இடைவெளியின்றிப் படித்து வெளியிடப்பட்டன.

எண் மாறினால் உயிர் வாழ்தல் எங்ஙனம் என்று வினவுவோர் உளர். இது வேறுவகை இணைப்பாயினும், இன்றும் ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவர் இரண்டு குரோமோசோம்கள் இணைந்ததால் 45 மட்டுமே உடையவராய், பெரும்பாலும் தாம் அறியாமலே, நல்ல உடல்நலத்துடன் வாழ்ந்து வருகிறார். அவர் நம் சபையின் முன்வரிசையில் அமர்ந்திருத்தல் கூடும்.

எனவே நாம் மதில் என்று காட்டிய இடத்தில் உண்மையில் இருப்பது ஒரு தையல். நாம் கற்பித்தது பிழை என்பதைக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது.

5. ஒரு தாயின் வினா

ஆயினும் நம் மனத்தை முதலில் அசைத்தது இவ்வாய்வு நூல்கள் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் சபையொன்றில் இம்மதில் வாதத்தை நாம் பிரசங்கித்தோம். ஆராதனை முடிந்தபின் ஒரு தாய் தம் மகனைக் கைப்பிடித்து அழைத்துவந்து நின்றார். "ஐயா, 46 இருந்தால்தான் மனுஷன் என்று சொன்னீர்கள். என் பிள்ளைக்கு 47 என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் எதில் சேர்த்தி?" என்று கேட்டார். அவர் வாதாட வரவில்லை. விடை வேண்டி வந்தார். நம்மிடம் விடை இல்லை.

டௌன் நோய்க்கூறு உடையோர்க்கு 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதை 1959இல் பாரிஸில் ஜெரோம் லெஜூன் தம் உடன் ஆய்வாளருடன் வெளியிட்டார். சிம்பன்சியோடு மனிதனை ஒப்பிட்டவர்களுள் ஒருவராக மேலே நாம் குறித்த அதே லெஜூன்தான் இவர். உறுதியான கத்தோலிக்க விசுவாசியான இவர் தம் வாழ்நாள் முழுதும் இக்குழந்தைகளின் மருத்துவராகவும் அவர்களுக்காகப் பரிந்து பேசுவோராகவும் இருந்தார். குரங்கோடு ஒப்பிட்டமையால் அவர் மனிதனை மதிப்பதில் குறையவில்லை. 47 கண்டமையால் அக்குழந்தையைத் தள்ளவுமில்லை. நாமோ எண்ணை வேலியாக்கினோம். அவ்வேலி குரங்கை வெளியே நிறுத்துமுன் நம் மந்தையின் ஆட்டுக்குட்டியை வெளியே நிறுத்திவிட்டது.

மறுபுறத்து இடரையும் மறைத்தல் ஆகாது. குரங்கோடு மனிதனை ஒப்பிடுதல் சிலரைத் தாழ்த்தும் கருவியாகவும் பயன்பட்டது. 1906இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் ஓட்டா பெங்கா என்னும் காங்கோ நாட்டு இளைஞர் குரங்குக் கூண்டில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டார். ஜேம்ஸ் கார்டன் என்னும் போதகரின் தலைமையில் கறுப்பினப் போதகர்கள் எதிர்த்தெழுந்ததால் அக்கொடுமை முடிவுற்றது. 1916இல் அவ்விளைஞர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குரோமோசோம் ஆய்வு இத்தகைய ஏணிக்கு இடம் தருவதன்று. மனுக்குலத்தார் யாவரும் அத்தையலுக்கு இப்பால் நிற்கின்றனர். எவரும் பாதிவழியில் நிற்கவில்லை. பவுலின் அரியோபாகு உரைக்கு இஃது எதிரானதன்று.

6. திருமறை கூறும் இடம்

ஆதியாகமம் மனிதனின் மேன்மையை எங்கே வைக்கிறது? இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் மண்ணினால் உருவாக்கப்படுகிறான் (2:7). மிருகங்களும் அதே மண்ணினின்றே உருவாக்கப்படுகின்றன (2:19). இரண்டிடத்தும் எபிரேயச் சொல் அதாமா என்பதே. மனிதனைக் குறிக்கும் நெபெஷ் ஹய்யா என்ற தொடரே விலங்குகளையும் குறிக்கிறது. நம் மொழிபெயர்ப்புகளில் இவ்வொற்றுமை எளிதில் புலப்படுவதில்லை. பொருளால் நாம் பிற உயிர்களோடு உறவுடையோம் என்பதைத் திருமறை மறைக்கவில்லை. நாம்தான் அதனை மறைக்க முயன்றோம்.

கடவுளின் சாயல் என்பது வேறு. பேரரசன் தான் நேரில் செல்லாத நாடுகளில் தன் ஆட்சியின் அடையாளமாகத் தன் உருவச்சிலையை நிறுத்துவான் என்பதைக் காட்டி, மனிதன் கடவுளின் பேராளனாகப் பூமியில் நிறுத்தப்பட்டுள்ளான் என்று கெர்ஹார்ட் ஃபான் ராட் விளக்கினார். அது அளித்தவரைப் பொறுத்த பொறுப்பு. இழைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. ஆகையால் 46 உடையவனும், 45 உடையவனும், 47 உடையவனும் அதன் முழுமையில் பங்குடையவர்களே.

இதனால் எல்லா வினாக்களும் தீர்ந்தன என்று நாம் கூறவில்லை. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் ஆதாமைக் குறித்துப் பவுல் கூறுவதை இவ்வரலாற்றோடு எங்ஙனம் பொருத்துவது என்பதில் இறையியலாளர் இன்றும் கருத்தொருமை காணவில்லை. அது உழைத்துத் தேட வேண்டிய வினா. பிழையான எண் வாதத்தால் அதனை மூடிவிடுதல் தேடலாகாது. நம் வாலிபர் கல்லூரியில் 2ஆம் குரோமோசோமைக் கற்று வருவர். மதில் வாதத்தை நம் வாயிலிருந்து கேட்டவர், அது விழும்போது சுவிசேஷமும் உடன் விழுந்தது என்று எண்ணுவர். அவ்விழப்புக்கு நாமே பொறுப்பாளிகள்.

லுண்ட் நகரில் ஆய்வை நிறுத்திவைத்தவர்களை மாணவர் மறவாதிருப்பாராக. கண்முன் இருந்ததை அவர்கள் சரியாக எண்ணினர். எண்ணியதை நம்பத் துணியவில்லை. அத்தாய்க்கு நாம் அன்று கூறாத விடையைப் பின்னர் அவர் இல்லம் சென்று கூறினோம்: அம்மா, நாம் பிரசங்கித்தது தவறு, உங்கள் மகன் கடவுளின் சாயலை உடையவன். அம்மகன் பின்னர்த் திடப்படுத்தலுக்கு ஆயத்தம் பெற்று, நம் கையினின்றே திருவிருந்து பெற்றான். இனிப் போதகராகச் செல்லும் மாணவர் பீடத்தில் ஓர் எண்ணைக் கூறுமுன் அவ்வெண் யாரை வெளியே நிறுத்தும் என்று கேட்டறிந்து கூறுவாராக.